அறுவடைக்குப் பிந்தைய இழப்பைக் கூட்டாகக் குறைப்பது: செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் எப்படிப் பிரிப்பது?

வரப்பு கேட்கிறார்:

அமைப்பு இதுதான். காய்கறி பயிரிடும் உற்பத்தியாளர் குழு ஒன்று. தரம் பிரித்துச் சிப்பமிடும் கூடமும் குழுவுக்கே சொந்தம். லாரி வேறொருவருடையது. வாங்குபவர் பல கிளைகள் கொண்ட சில்லறைக் கடை. நாளொன்றுக்கு 3 டன் வரை சரக்கு போகிறது: தக்காளி, பீன்ஸ், இலைக் காய்கறிகள்.

இழப்பைக் குறைக்க மூன்று தரப்பும் சேர்ந்து முதலீடு செய்யலாம் என்ற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. முன்குளிர்விப்பு அறை (பறித்த காயின் சூட்டை அனுப்பும் முன்பே இறக்கும் அறை), திரும்ப வரும் பிளாஸ்டிக் கிரேட், மூவரும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு ஆகிய மூன்றும் திட்டத்தில் உள்ளன. முட்டுக்கட்டை பணத்தில்தான். அறைக்கும் மின்சாரத்துக்கும் குழு செலவு செய்ய வேண்டும். காய் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்குவதன் பலனோ கடையில்தான் கிடைக்கும். குளிர் வண்டிக்கு மாறினால் லாரிக்காரருக்கு டீசல் கூடும். இன்றைய வாடகையில் அதற்கு இடமில்லை.

தெரிய வேண்டியவை: எதில் தொடங்குவது? ஒரு டன் சரக்கைக் குளிர்விக்க எவ்வளவு திறன் வேண்டும்? மிச்சமாகும் பணத்தை எந்த அடிப்படையில் பிரிப்பது? குழு தன் விவரங்களைக் கடையோடு பகிர்ந்தால், விலை பேசும்போது அதுவே குழுவுக்கு எதிராகத் திரும்பாமல் எப்படித் தடுப்பது?

---

எடைக்கல் பதில்:

எதையும் வாங்கும் முன் நான்கு வாரம் எடை போடுங்கள். இழப்பு எங்கே நடக்கிறது என்று மூன்று தரப்பும் ஒரே எண்ணை ஒப்புக்கொள்ளாத வரை, பிற்பாடு ‘மிச்சமானது எவ்வளவு’ என்ற பேச்சே சண்டையில் முடியும்.

எடை போட நான்கு இடங்கள் போதும். வயலில் பறிக்காமல் விட்டதும் பறித்து வீசியதும்; கூடத்தில் கழித்தது; கடையின் வரவுக் கதவில் திருப்பி அனுப்பப்பட்டது; கடைத் தட்டிலிருந்து எடுத்து வீசியது. இவற்றில் முதலாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கணக்கே பொய்யாகும். கடை தன் கழிவைக் குறைக்கக் கடைசி நேரத்தில் ஆர்டரை வெட்டினால், கடையின் கழிவு நிஜமாகவே குறையும். அதே காய் வயலில் கிடந்து அழுகும். இழப்பு இடம் மாறியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கூட்டுத் திட்டங்களில் நம்பிக்கை உடையும் முதல் இடம் இதுதான்.

நீர் வற்றியதால் குறைந்த எடையையும் அழுகலால் போன எடையையும் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு லோடிலும் 10 கிரேட்டுக்கு அடையாளம் போட்டு, கிளம்பும்போதும் இறங்கும்போதும் எடை எடுத்தால் நீர் இழப்பு தெரிந்துவிடும். இலைக் காய்கறி தன் எடையில் 3 முதல் 5 விழுக்காடு நீரை இழந்தாலே வாடல் கண்ணுக்குத் தெரியும். கிரேட்டின் வெற்று எடையைக் கழிக்கும்போது கழுவிய ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கணக்குகள் அங்கேதான் தவறுகின்றன.

காரணத்தையும் எழுத வேண்டும். ஆறு குறியீடுகளுக்கு மேல் வேண்டாம்: காயம், அழுகல், வாடல், அதிகமாகப் பழுத்தது, அளவு அல்லது தோற்றம் பொருந்தாமை, விற்காமல் தங்கியது. ஏழாவதாக ‘இதர’ என்று ஒன்று வைத்தால் வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவார்கள்.

2016-ல் வெளியான உணவு இழப்பு, கழிவு அளவீட்டுத் தரநிலை இதற்கு நல்ல சட்டகம். உணவின் எடையை மட்டும் எடுக்க வேண்டும், சிப்ப எடை சேரக்கூடாது, எந்தக் காலம், எந்தக் கட்டம், கழிந்தது எங்கே போனது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலக உணவு வேளாண் அமைப்பு 2019-ல் சொன்ன ‘சுமார் 14 விழுக்காடு’ என்ற எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். அறுவடைக்குப் பின், சில்லறைக் கடைக்கு முன் வரையிலான இழப்பு மட்டுமே அது. வயலில் விட்டதும் கடையில் வீசியதும் அதில் வராது.

---

குளிரறை பதில்:

திறன் கணக்கு எளிது. நீர்ச்சத்து நிறைந்த காய்கறியை ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்விக்கக் கிலோவுக்குச் சுமார் 4 கிலோஜூல் எடுக்க வேண்டும். 1,000 கிலோவை 30-லிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர 80,000 கிலோஜூல். நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் சராசரி 5.6 கிலோவாட். ஆனால் சூடான காயிலிருந்து முதல் மணி நேரத்தில் வெளிவரும் வெப்பம் சராசரியைவிட மிக அதிகம். விசிறி மோட்டார், சுவர், கதவு, காயின் சுவாசம் எல்லாம் அதோடு சேரும். ஆகவே 9 முதல் 11 கிலோவாட் குளிர்திறன், அதாவது ஏறக்குறைய 3 டன் இயந்திரம் வேண்டும் (இந்த டன் குளிர்திறனின் அலகு, சரக்கின் எடை அல்ல). இங்கே கிலோவாட் என்பது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. மின்சாரம் இதைவிடக் குறைவாகவே செலவாகும்.

இயந்திரத்தைவிட முக்கியமானது காற்றோட்டம். குளிர் அறையில் அடுக்கி வைத்துவிட்டால் குளிர்ந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. அடுக்கின் நடுவிலுள்ள காய் அப்படிக் குளிர ஒரு நாளுக்கு மேலாகும். கிரேட்டுகள் அடுக்கிய பேலட்டுகளை (அடித்தட்டுகளை) இரண்டு வரிசையாக நிறுத்தி, இடைவெளியின் மேற்புறத்தையும் ஒரு முனையையும் தார்ப்பாயால் மூடுங்கள். மறுமுனையில் விசிறி வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். ஊதக்கூடாது; உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் குளிர்காற்று கிரேட்டுகளின் ஊடாகவே போயாக வேண்டியிருக்கும். ஒரு கிலோவுக்கு வினாடிக்கு 1 லிட்டர் காற்று நல்ல தொடக்க அளவு. ஒரு டன்னுக்கு வினாடிக்கு ஒரு கன மீட்டர். பேலட்டுக்கு அடியிலும் ஓரத்திலும் காற்று ஓடிவிடாதபடி பட்டை வைத்து அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பெரிய விசிறி வாங்குவது வீண்.

எப்போது நிறுத்துவது? பாதிக் குளிர்வு நேரம் என்ற அளவை வைத்துக்கொள்ளுங்கள். காய் 28 டிகிரி, காற்று 4 டிகிரி, வேறுபாடு 24. நாற்பது நிமிடத்தில் காயின் உள்வெப்பம் 16-க்கு வந்தால், வேறுபாடு பாதியாகிவிட்டது. அடுத்த நாற்பதில் 10, அதற்கடுத்த நாற்பதில் 7. மூன்று பாதி நேரம் முடிந்ததும் எட்டில் ஏழு பங்கு வெப்பம் போய்விட்டது. அங்கே விசிறியை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் காய் நீரை இழப்பதுதான் மிச்சம். அளக்க வேண்டியது அறைக் காற்றை அல்ல. காயில் குத்தும் தெர்மாமீட்டரால், காற்று கடைசியாகச் சேரும் கிரேட்டிலுள்ள காயை.

உங்கள் மூன்று பயிரும் ஒரே அறைக்கு ஒத்துவராது. இலைக் காய்கறிக்கு 0 டிகிரி, 95 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். பீன்ஸுக்கு 5 முதல் 7.5, அதற்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் துருநிறப் புள்ளி வரும். நிறம் மாறத் தொடங்கிய தக்காளிக்கு 12 டிகிரி வாக்கில். 10-க்குக் கீழே சில நாள் இருந்தால் பிறகு சரியாகப் பழுக்காது, சுவையும் மணமும் போய்விடும். போதாததற்குத் தக்காளி எத்திலீன் வாயு விடும், இலை மஞ்சளாகிவிடும். பயணமும் விற்பனையும் இரண்டு நாளில் முடிவதால் 5 டிகிரியில் ஒரு அறை (இலை, பீன்ஸ்), 12 டிகிரியில் ஒரு அறை (தக்காளி) என்று சமரசம் செய்யலாம். ஒரே அறைக்குத்தான் பணம் என்றால் 5 டிகிரி அறையைக் கட்டுங்கள். தக்காளியை விடியற்காலையில் பறித்து நிழலில் காற்றோட்டமாக வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இலைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

குளிர் வண்டி சம்பந்தமாக ஒன்று. அதிலுள்ள இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருக்கத்தான். சூடான சரக்கைக் குளிர்விக்க அல்ல. முன்குளிர்விப்பு இல்லாமல் குளிர் வண்டி எடுத்தால் டீசல் எரியும், காய் சூடாகவே போய்ச் சேரும். குளிர்வித்த பிறகு சாதாரண வண்டியில் வெயிலில் அனுப்பினால் காயின் மேல் நீர் கோக்கும், பூஞ்சை பிடிக்கும். இரண்டும் சேர்ந்தே வேண்டும். அதனால்தான் இது ஒருவர் தனியாகச் செய்யும் காரியமே இல்லை.

புதிதாக வாங்கும்போது குளிர்பொருள், அதாவது இயந்திரத்துக்குள் சுழன்று குளிரூட்டும் வாயு, எது என்றும் கேளுங்கள். ஆர்-404ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 3,900 மடங்குக்கு மேல். ஆர்-290 எனப்படும் புரோப்பேனுக்கு அது மிகமிகக் குறைவு; தீப்பற்றக்கூடியது என்பதால் எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2016 கிகாலி ஒப்பந்தத்துக்குப் பின் பழைய வாயுக்களின் உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. அந்த வாயுவில் ஓடும் இயந்திரத்தை வாங்கினால் பின்னாளில் நிரப்புவதே சிரமமாகும்.

---

அடுக்கு பதில்:

குளிரறை சொன்ன காற்றோட்டம் கிரேட்டில்தான் நிற்கிறது. பக்கச் சுவரின் பரப்பில் குறைந்தது 5 விழுக்காடு திறப்பு இல்லாத கிரேட்டை வாங்கவே வேண்டாம். 600×400 மி.மீ. அடிப்பரப்பு எடுத்தால் 1200×800 பேலட்டில் அடுக்குக்கு 4, 1200×1000-ல் அடுக்குக்கு 5 கச்சிதமாக உட்காரும். ஐந்து வைக்கும்போது இரண்டு கிரேட் திரும்பியிருக்கும். நீளப்பக்கத் துளையும் அகலப்பக்கத் துளையும் நேர்க்கோட்டில் வருகின்றனவா என்று வாங்கும் முன்பே ஐந்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று நடுவில் முட்டி நின்றுவிடும்.

எண்ணிக்கை: 3 டன்னைக் கிரேட்டுக்கு 15 கிலோவாகப் போட்டால் நாளுக்கு 200. நிரப்ப 1 நாள், பயணம் 1, கடையில் 3, திரும்ப 1, கழுவிக் காய 1. சுற்று 7 நாள். 1,400 வேண்டும். உச்சப் பருவம், உடைசல், காணாமல் போவது எல்லாவற்றுக்கும் 15 முதல் 20 விழுக்காடு கூட்டுங்கள். 1,650 வாக்கில் வரும். இதில் மாற்றக்கூடிய எண் கடையின் 3 நாள்தான். அதை 2 ஆக்கினால் 200 கிரேட் மிச்சம். ஆகவே வைப்புத்தொகை மட்டும் போதாது. கடையில் நான்காம் நாளிலிருந்து கிரேட்டுக்கு நாள்வாடகை என்று எழுதுங்கள். அப்புறம் பாருங்கள், கிரேட் தானாகத் திரும்பும்.

மடிக்கக்கூடியது விலை அதிகம், ஆனால் திரும்பும்போது இடம் நான்கில் ஒன்றாகக் குறையும். லாரி திரும்பும் வழியில் வேறு சரக்கு ஏற்றுகிறதென்றால் மடிப்பு கிரேட். காலியாகவே திரும்புகிறதென்றால் சாதாரணமானதே போதும்.

கழுவும் வரிசை முக்கியம். முதலில் மண் போகத் தண்ணீர் பீய்ச்சி, பிறகு சோப்பு, அலசல், கடைசியாகக் குளோரின். மண்ணோடு குளோரினில் முக்கினால் அந்த மண்ணே குளோரினைத் தின்றுவிடும். குளோரின் 100 முதல் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), தண்ணீரின் பி.எச். 6.5 முதல் 7.5. காயாமல் அடுக்கினால் கழுவியதற்கு அர்த்தமில்லை. இன்னொன்று: விளிம்புக்கு மேல் நிரப்பக்கூடாது. மேலே வரும் கிரேட்டின் எடை காயின் மேல் இறங்கினால் அந்த நசுங்கல் இரண்டு நாள் கழித்துக் கடையில்தான் தெரியும், பழி லாரிக்காரர் மேல் விழும்.

---

பங்குக்கணக்கு பதில்:

பிரிப்பதற்கு ‘சமமாக மூன்று பங்கு’ என்பது கேட்க நன்றாக இருக்கும். முதல் பருவத்திலேயே உடையும். கணித அறிஞர் லாய்ட் ஷாப்லி 1953-ல் தந்த முறை இந்த இடத்துக்கு மிகவும் பொருந்தும். ஒவ்வொரு தரப்பும் கூட்டணிக்குள் வரும்போது கூடுதலாக எவ்வளவு மிச்சமாகிறது என்று, வரக்கூடிய எல்லா வரிசைகளிலும் பார்த்துச் சராசரி எடுப்பது.

கற்பனை எண்களில் செய்து காட்டுகிறேன். குழு தனியாக (விடியல் அறுவடை, நிழல்) 12 அலகு மிச்சப்படுத்தும். லாரி தனியாக 0. கடை தனியாக (தட்டுப் பராமரிப்பு) 6. குழுவும் லாரியும் சேர்ந்தால் 36. குழுவும் கடையும் சேர்ந்தால் 30. லாரியும் கடையும் மட்டும் என்றால் அதே 6. மூவரும் சேர்ந்தால் 90.

குழு-லாரி-கடை என்ற வரிசையில் வந்தால் குழுவால் 12, லாரியால் 24, கடையால் 54. கடை-லாரி-குழு என்று வந்தால் கடையால் 6, லாரியால் 0, குழுவால் 84. இப்படி ஆறு வரிசை. கூட்டி ஆறால் வகுத்தால் குழுவுக்கு 42, லாரிக்கு 24, கடைக்கு 24. தனியாக 0 மட்டுமே உள்ள லாரிக்கு 24 ஏன் என்று கடை கேட்கும். குளிர் வண்டி இல்லாவிட்டால் 90 என்பது 30 ஆகிவிடுமே, அதனால்தான்.

90 என்பது செலவு கழித்த நிகர மிச்சம். முதலில் யார் எவ்வளவு கூடுதலாகச் செலவழித்தாரோ அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் 42-24-24 என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். எண்கள் எங்கிருந்து வரும்? எடைக்கல் சொன்ன நான்கு வார அளவீடு, பிறகு ஒரு மாதம் சில லோடுகளைக் குளிர்வித்தும் சிலவற்றைக் குளிர்விக்காமலும், சிலவற்றைக் குளிர் வண்டியிலும் சிலவற்றைச் சாதாரண வண்டியிலும் அனுப்பிப் பார்ப்பது. ஒரே நாள், ஒரே வயல், ஒரே தரம் என்று இணை இணையாக அனுப்பினால்தான் ஒப்பீடு நிற்கும்.

---

குளிரறை பதில்:

இணை லோடு யோசனை அருமை. ஆனால் ஷாப்லி கணக்கு கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்து, எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கிலோவுக்கு இவ்வளவு குளிர்விப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு இவ்வளவு குளிர் வண்டி மேல்தொகை என்று கடை கொடுத்துவிட்டால் போதாதா? எளிமையானதுதான் நிலைக்கும்.

---

பங்குக்கணக்கு பதில்:

கட்டணமாகக் கொடுப்பதில் எனக்கும் உடன்பாடே. கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்யத்தான் மேற்சொன்ன கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் போட்டு, அதைக் கிலோவுக்கான தொகையாக மாற்றிவிடலாம்.

ஆனால் வெறும் கிலோக் கட்டணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சரக்கு வராத நாளிலும் அறையின் கடன் தவணை ஓடும். அந்த இழப்பு முழுவதும் குழுவின் தலையில் விழும். ஆகவே குறைந்தபட்ச அளவு ஒன்று வேண்டும்: மாதத்துக்கு இத்தனை டன் என்று கடை உறுதி சொல்லி, அதற்குக் குறைவாக எடுத்தாலும் அறைக்கட்டணத்தை அந்த அளவுக்குத் தர வேண்டும். பதிலுக்கு, அத்தனை டன்னை 7 டிகிரிக்குக் கீழே (தக்காளி என்றால் 14-க்குக் கீழே) ஒப்படைப்பது குழுவின் பொறுப்பு. தவறினால் அந்தச் சரக்குக்குக் கட்டணம் இல்லை.

---

தடம் பதில்:

தரவு பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆறு விவரம் போதும்: லாட் எண், நேரம், எடை, காயின் உள்வெப்பம், கொடுத்தவர், பெற்றவர். லாட் என்பது ஒரே நாளில், ஒரே பாத்தியில், ஒரே பயிரில் பறித்தது. இரண்டு பாத்தியின் காயைக் கூடத்தில் கலந்துவிட்டால் அதற்குப் புது லாட் எண் போட்டு, எவை எவை கலந்தன என்றும் எழுத வேண்டும். தடம் அறுந்துபோவது எப்போதும் இந்தக் கலக்கும் மேசையில்தான். முதல் ஆண்டு காகிதச் சீட்டும் பகிர்ந்த அட்டவணையும் போதுமானவை. பல கடைகள் சேரும்போது சரக்கு அடையாள எண்களுக்குத் தரம் வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 18 இலக்கப் பேலட் எண்ணுக்கும், ‘என்ன, எப்போது, எங்கே, எதற்காக’ என்று நிகழ்வுகளைப் பதியும் இபிசிஐஎஸ் தரத்துக்கும் போகலாம்; 2022-ல் வந்த அதன் 2.0 வடிவத்தில் வெப்பநிலை உணரியின் அளவுகளுக்கும் இடமுண்டு. பிளாக்செயினில் தொடங்க வேண்டாம். பதிந்ததை மாற்ற முடியாது என்பதுதான் அதன் பலம். தவறாகப் பதிந்தது சரியாகாது.

லாகரை (வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவியை) வண்டியில் குளிர்காற்று வெளிவரும் வாய்க்கு எதிரே வைத்தால் எப்போதும் நல்ல எண்ணே வரும். வண்டிக் கதவருகே, மேலடுக்கில், கிரேட்டுக்குள் காயோடு காயாக வையுங்கள். 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. மாதம் ஒருமுறை நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் (லாகர் நீர்புகாததாக இல்லையென்றால் பைக்குள் போட்டு) 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் விலகினால் ஒதுக்கிவிடுங்கள். மூன்று தரப்பின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ‘என்னிடம் வரும்போதே சூடு’ என்ற வாதம் பெரும்பாலும் இருபது நிமிடக் கடிகார வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

விலை பேசும்போது தரவு எதிராகத் திரும்பும் என்ற அச்சம் நியாயமானது. ‘குழுவிடம் விற்காத சரக்கு இவ்வளவு’ என்று கடைக்குத் தெரிந்தால் அடுத்த வார விலை இறங்கும். ஆகவே எந்தத் தரவு யாருக்கு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். கடைக்குத் தேவையானவை லாட்டின் தரமும் வெப்பப் பதிவும் வரப்போகும் அளவும். குழுவின் மொத்த இருப்பும் மற்ற வாங்குபவர்களின் பெயரும் அதற்குத் தேவையில்லை. குழுவுக்குத் தேவையானவை கடையின் தினசரி விற்பனை அளவும் தட்டு இருப்பும். இதைத்தான் கடைகள் கொடுக்கத் தயங்கும். இதைத்தான் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும். கடை ஆர்டரை மட்டும் பார்த்து நடவு செய்தால், சின்ன விற்பனை ஏற்றம் பின்னால் போகப்போகப் பெரிய ஏற்றமாகத் தெரியும். லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997-ல் விளக்கிய சாட்டை விளைவு இதுதான்.

விலைச் சூத்திரம் பருவத்துக்கு முன்பே முடிவாகட்டும். தரவு பகிர்வு அதற்குப் பிறகு தொடங்கட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆர்டருக்கும் படிநிலை வையுங்கள்: நான்கு வாரம் முன்பு சொல்லும் அளவில் 30 விழுக்காடு ஏறி இறங்கலாம், ஒரு வாரம் முன்பு 15, கடைசி 48 மணி நேரத்தில் மாற்றமே கூடாது. 48 மணிக்குள் வெட்டினால் அந்தச் சரக்குக்கு ஒப்புக்கொண்ட ஒரு பங்கு விலையைக் கடை தர வேண்டும். எடைக்கல் சொன்ன ‘இடம் மாறிய இழப்பு’ இதில் பெருமளவு அடங்கிவிடும்.

---

வரப்பு:

மிக்க நன்றி. இரண்டு அறைத் திட்டத்தை ஒத்திவைத்து, நான்கு வார எடையும் இணை லோடுகளும் முதலில் என்று கூட்டத்தில் வைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: வரவுக் கதவில் தரம் சரியில்லை என்று கடை திருப்பினால், அது நியாயமா என்று யார் முடிவு செய்வது?

---

எடைக்கல் பதில்:

யார் என்பதைவிட எப்படி என்பதை எழுதிவிடுங்கள். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தரநிலைகள் நல்ல அடித்தளம்: மிகச்சிறந்த தரத்துக்கு 5 விழுக்காடும், முதல், இரண்டாம் தரங்களுக்குத் தலா 10 விழுக்காடும் விலகல் பொறுத்துக்கொள்ளப்படும். லாட்டுக்கு 5 கிரேட், மேல், நடு, அடி என்று வெவ்வேறு அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். மேல் அடுக்கை மட்டும் பார்த்துத் திருப்பக்கூடாது. இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள், லாட் எண் தெரியும்படி படத்தோடு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சொன்னால் சரக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

வெப்பப் பதிவு வரம்புக்குள் இருந்து காயம் மட்டும் இருந்தால் அடுக்கலையும் ஏற்றி இறக்கியதையும் பாருங்கள். பதிவு எகிறி அழுகலும் இருந்தால், எகிறிய நேரத்தில் சரக்கு யார் கையில் இருந்ததோ அவர் கணக்கு. தோற்றத்துக்காக மட்டும் கழிந்தது வீசப்படாமல் இரண்டாம் தர விலையில் அதே கடைக்கோ பதப்படுத்துபவருக்கோ போக வேண்டும் என்ற வரியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தனி ஒப்பந்தமாக்கினால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.